நம்ம வக்கீல்

செப்டம்பர் 29 கூட்டத்தை ஏற்காட்டில் வைத்தோம். மண்டபம் கிடையாது. ஒரு காப்பித் தோட்டத்து லயன் வீடுகளுக்கு முன்னால் இருக்கிற களத்தில் தார்ப்பாயைக் கட்டி, மரபெஞ்சு மேல் படத்தைச் சாத்தி வைத்தோம். மதியம் மூணு மணிக்கே பனி இறங்கிவிட்டது. பின்னாலேயே மழை. தார்ப்பாயில் தேங்கின தண்ணியைக் கழியால் குத்திக் கொட்டிக்கொண்டே பேசினோம். வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம், அதில் பாதிக்கு மேல் பெண்கள்.

படத்தில் இருந்தவர் ந. சிவராஜ்.

எழுபதைத் தாண்டின ஒரு ஆத்தா முன்னால் வந்து படத்தை உற்றுப் பார்த்தார். "இவரு ஆரு கண்ணு? அம்பேத்கரும் இல்ல, பெரியாரும் இல்ல. கோட்டு போட்டிருக்காரு?"

"வக்கீலுங்க ஆத்தா."

"நம்ம வக்கீலா?"

"ஆமாங்க ஆத்தா. நம்ம ஆளு."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நம்மள்ள வக்கீலு இருந்திருக்காரா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள். அந்தத் தாளுக்குப் பிறகு வருகிறேன்.

சென்னையில் வாழ்ந்து, டெல்லிக்கும் சிம்லாவுக்கும் போய் வந்த ஒரு மனுசனுக்கு ஏற்காட்டில் எதற்குக் கூட்டம் என்று தோழர்கள் சிலரே கேட்டார்கள். சேலத்தில் வைத்தால் இருநூறு பேர் வருவார்கள், பத்திரிகைக்காரன் வருவான் என்றார்கள். வருவான்தான். ஆனால் இந்த மலைக்கு வக்கீலைப் பற்றிச் சொல்லவேண்டிய அவசியம் சேலத்தைவிட அதிகம்.

சேர்வராயன் மலையின் கதையே காகிதத்தின் கதை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் காப்பிச் செடியைக் கொண்டுவந்து இங்கே நட்டார். ஏற்காட்டுக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு எல்லா வழிகாட்டிப் புத்தகமும் இதைச் சொல்லும். அதற்கு முன்னால் இந்த மலையில் யார் இருந்தார்கள் என்று எந்த வழிகாட்டியும் நிறுத்திச் சொல்லாது. மலையாளி என்று அழைக்கப்படுகிற பழங்குடி மக்கள் இருந்தார்கள். தினையும் சாமையும் விதைத்தார்கள், சேர்வராயன் குகைக்கோயிலில் திருவிழா எடுத்தார்கள். அவர்களிடம் காகிதம் இல்லை. காகிதம் வைத்திருந்தவன் பேரில் மலை எழுதப்பட்டது. பிறகு தோட்ட வேலைக்குக் கீழ்நாட்டுச் சேரிகளிலிருந்து நம்முடைய பாட்டன் பாட்டிமார் மலையேறினார்கள். அவர்களிடமும் காகிதம் இல்லை. இன்றைக்கு வரைக்கும் காப்பிச் செடி நிற்கிற மண்ணுக்குப் பட்டா உண்டு. மிளகுக் கொடி ஏறுகிற சில்வர் ஓக் மரத்துக்குக் கணக்கு உண்டு. பழம் பறிக்கிறவள் படுத்துத் தூங்குகிற இடத்துக்கு எதுவும் இல்லை. வேலை இருக்கிறவரை லயன், வேலை போனால் வீடும் போச்சு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கப்பா ஒரு தோட்டத்தில் ராக்காவல் பார்த்தவர். 1987இல் செத்துப் போனார். எனக்குப் பதினஞ்சு வயசு. காரியம் முடிந்த மூணாம் நாள் இங்கிலீசில் ஒரு கடுதாசி வந்தது. படிக்கத் தெரிந்த ஆள் லயனில் இல்லை. எங்கம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸேறிச் சேலத்துக்குப் போனது. ஒரு வக்கீல் வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே வரச் சொல்லவில்லை. குமாஸ்தா கடுதாசியை வாங்கிப் பார்த்துவிட்டு "அய்யா வெள்ளிக்கிழமை பாப்பாரு" என்றார். வெள்ளிக்கிழமை போனோம், அடுத்த வெள்ளிக்கிழமை என்றார். மூணு வெள்ளிக்கிழமை போயிற்று. நாலாவது வெள்ளிக்கிழமை போகவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. சாமான் எல்லாம் ரோட்டில் கிடந்தது. எந்தத் தோட்டம், எந்த வக்கீல் என்பது இப்போது முக்கியமில்லை. அந்த வாசப்படிதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதில் ஏறி உட்கார ஒரு நம்ம வக்கீல் இருந்திருந்தால் என்று எங்கம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே சிவராஜைப் பற்றி நான் எழுதும்போது மணிமண்டபத்துப் பாஷை வராது.

அவர் பிறந்தது 1892 செப்டம்பர் 29. அதற்கு மறுநாள், செப்டம்பர் 30, சென்னை மாகாண அரசு ஒரு ஆணை போட்டது. செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்கீர், பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையை ஒட்டி வந்த ஆணை. பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்கு, முதல் பத்து வருசத்துக்கு அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் பஞ்சமருக்கு மட்டும்தான் கைமாற்றலாம் என்றது அது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரே வாரத்தில், ஒரு நாள் வித்தியாசத்தில், நம் சனங்களுக்கு நிலமும் வந்தது, வக்கீலும் பிறந்தார். நிலத்தைக் காப்பாற்ற வக்கீல் வளர்ந்து வருவதற்குள் நிலம் கைமாறத் தொடங்கிவிட்டது. அது வேறு கதை. அந்தக் கதையில் 1994 அக்டோபர் 10 அன்று, பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இருக்கிறார்கள். அதுவும் அதே செங்கல்பட்டுச் சீமைதான்.

கடப்பையில் பிறந்து சென்னையில் படித்தார் சிவராஜ். சட்டம் முடித்து சர் சி.பி. ராமசாமி அய்யரிடம் தொழில் பழகினார். பிறகு சென்னை சட்டக் கல்லூரியில் பதின்மூன்று வருசம் பேராசிரியர். இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடத் திண்ணையில் நம் பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்று சொன்ன காலம். கிணற்றில் தண்ணி எடுத்தால் அடி விழுந்த காலம். அந்தக் காலத்தில் மெட்ராஸ் அய்க்கோர்ட்டை ஒட்டின கட்டடத்தில் ஒரு பறையர் நின்று, சொத்துரிமை என்றால் என்ன, ஒப்பந்தம் என்றால் என்ன என்று பாடம் எடுத்திருக்கிறார். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பதின்மூன்று வருசம் என்றால் எத்தனை வகுப்பு வக்கீல்கள்! சென்னை மாகாணத்துக் கோர்ட்டுகளில் வாதாடிய எத்தனையோ கறுப்புக் கோட்டுகளுக்கு அவர் வாத்தியார். இதை அந்தக் கோட்டுகள் தங்கள் நினைவுக் குறிப்புகளில் எந்த அளவுக்குச் சொன்னார்கள் என்று தேடிப் பார்ப்பது நம் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நல்ல வேலை.

நீதிக்கட்சியில் இருந்தார். சென்னை சட்டமன்றத்தில் இருந்தார். பிறகு மத்திய சட்டசபைக்குப் போனார். பதவிகளின் பட்டியலை இத்துடன் விடுகிறேன். நமக்கு முக்கியம் 1942.

அந்த வருசம் சூலையில் நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பார் மாநாடு கூடியது. அம்பேத்கர் அப்போதுதான் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆகிறார். மாநாட்டுத் தலைவர் சிவராஜ். அங்கேதான் பட்டியல் சாதியார் கூட்டமைப்பு பிறக்கிறது, தலைவராக சிவராஜே தேர்ந்தெடுக்கப்படுகிறார். நாடு முழுக்க நீலக்கொடி தூக்கிய ஒரு அமைப்புக்குத் தலைவர் ஒரு சென்னை வக்கீல் என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? மராத்தியரும் மகர்களும்தான் எல்லாம் செய்தார்கள், தமிழ்நாட்டில் நாம் திராவிடக் கட்சிக்குக் கொடி பிடித்தோம் என்கிற மாதிரி ஒரு எண்ணம் நம்மிடையிலேயே இருக்கிறது. அதைத் துடைத்துப் போட இந்த ஒரு பெயர் போதும்.

நாக்பூர் தீர்மானங்களில் ஒன்று என்னை எப்போதும் உலுக்கும். பட்டியல் சாதியாருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும், அதற்கு அரசு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது அது. இந்துக் கிராமத்தின் ஓரத்தில், அதன் தயவில், அதன் கூலியில் வாழ்கிறவரை விடுதலை இல்லை என்பது அதன் உள்ளர்த்தம். "நாம ஏற்கனவே தனியாத்தானே இருக்கோம், சேரின்னு" என்று கூட்டத்தில் ஒரு இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. சேரி தனியாக இருக்கிறது, ஆனால் அதற்கு நிலம் கிடையாது. லயனும் தனியாகத்தான் இருக்கிறது, ஊரை விட்டு மூணு மைல். நாக்பூரில் கேட்டது நிலத்தோடு கூடின தனி. நிலம் இல்லாத தனி என்பது ஒதுக்கி வைப்பது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் பட்டா என்கிற ஒரே ஒரு தாள். ஒரு வக்கீல் தலைமையில் கூடிய மாநாட்டுக்கு அந்தத் தாளின் மதிப்பு தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை.

அடுத்து சிம்லா. 1945 சூன் 25. ஏற்காட்டில் உட்கார்ந்து சிம்லாவைப் பற்றிப் பேசுவதில் ஒரு சுவை இருக்கிறது. இரண்டும் வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து கட்டின ஊர்கள். சிம்லாவில் மனுசனை மனுசன் ரிக்‌ஷாவில் வைத்து இழுத்தான். இங்கே நம் ஆட்கள் துரைமார் சாமான்களைத் தலையில் சுமந்து மலையேற்றினார்கள். அப்படிப்பட்ட சிம்லாவில், வைசிராய் வேவல் கூட்டிய மாநாட்டு மேசையில் ஆசாத், ஜின்னா, தாராசிங் இவர்களோடு பட்டியல் சாதியாரின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர் சிவராஜ். அதே மேசையில் சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் என்ற முறையில் ராஜாஜியும் இருந்தார். சேலத்தில் வக்கீல் தொழில் பண்ணிப் பேர் வாங்கியவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், நம் மலையடிவாரத்து ஆள். இரண்டு வக்கீல்கள். ஒருவர் பெயரைச் சேலத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். மற்றவர் படத்தைப் பார்த்து நம் ஆத்தா "ஆரு கண்ணு" என்று கேட்கிறார்.

அந்த மாநாட்டுத் திட்டத்தில் சாதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சம எண்ணிக்கை. நமக்கு ஒரே ஒரு இடம். அம்பேத்கர் அதற்கு முன்பே வேவலுக்கு எழுதிவிட்டார், குறைந்தது மூன்று இடம் வேண்டும் என்று. சூலை 14இல் மாநாடு தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. தோற்றது நம்மால் அல்ல, காங்கிரசுக்கும் லீக்குக்கும் ஒத்துவராததால். இருந்தாலும் நம்மைத் தனித் தரப்பாக ஒப்புக்கொண்டு நாற்காலி போட்டார்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்தது ஒரு தமிழர். அடுத்த வருசத் தேர்தலில் கூட்டமைப்பு படுதோல்வி அடைந்தது. பூனா ஒப்பந்தம் செய்த வேலை அது. பொதுத் தொகுதியில் சாதி இந்து ஓட்டு யாரைக் கேட்கிறதோ அந்த ஆள்தான் நம் பேரில் சட்டசபைக்குப் போவான். இன்றைக்கும் ரிசர்வ் தொகுதியில் நடப்பது இதுதான். ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. மலையில் எத்தனை ஓட்டு, மலைக்குக் கீழே எத்தனை ஓட்டு என்று எண்ணிப் பார்த்தால் யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது புரியும்.

1945-46இல் சிவராஜ் சென்னை மாநகர மேயர். நம்மில் இரண்டாவது மேயர், அவருக்கு முன்பு 1937-38இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. நம்மில் ஒரு பெண் அந்த நாற்காலிக்கு வந்தது 2022இல், ஆர். பிரியா. எத்தனை நீளமான இடைவெளி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து 'ஜெய்பீம்' என்று ஒரு ஆங்கிலப் பத்திரிகையும் நடத்தினார். சிறுபத்திரிகை நடத்திக் கடன்பட்ட என் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி தனியான ஆறுதல்.

அம்பேத்கர் மறைந்த மறு வருசம், 1957 அக்டோபர் 3, இந்தியக் குடியரசுக் கட்சி உருவானபோது அதன் முதல் தலைவரும் இவர்தான். அதே வருசம் செங்கல்பட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருந்தார். திரமென்கீர் நடந்து பார்த்த அதே சீமை.

இவ்வளவும் சொன்ன பிறகு மனசில் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் தலைவர்களைத் துதி பாடி அழிப்பவர்கள் அல்ல. சிவராஜ் வெள்ளைக்காரனிடம் 'ராவ் பகதூர்' பட்டம் வாங்கினவர். தொழிலும் வாழ்க்கையும் பட்டணத்தில். பண்ணையடிமையாக இருந்த தஞ்சாவூர்ச் சேரிக்கும் காப்பித் தோட்டத்துக்கும் கூட்டமைப்பு வேர் விடவில்லை. அந்த இடத்தைப் பல ஊர்களில் கம்யூனிஸ்டுகள் எடுத்துக்கொண்டார்கள். குடியரசுக் கட்சியும் சீக்கிரமே உடைந்தது. படித்த வக்கீல் கூட்டம் ஒருபுறம், நிலத்துக்காகத் தெருவில் இறங்க வேண்டும் என்ற தாதாசாகேப் கெய்க்வாட் கூட்டம் மறுபுறம் என்று அந்தச் சண்டை போயிற்று. கோட்டா, வேட்டியா என்கிற அளவுக்குக் கேவலப்பட்டது. சிவராஜ் 1964 செப்டம்பர் 29இல், தன் பிறந்த நாளிலேயே, மறைந்தார். அதே வருசம் டிசம்பர் 6இல் குடியரசுக் கட்சியின் நிலப் போராட்டம் தொடங்கி லட்சக்கணக்கானவர்கள் சிறை போனார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. நாக்பூரில் தீர்மானமாக இருந்த நிலம், இருபத்திரண்டு வருசம் கழித்துத் தெருவுக்கு வந்தது. தீர்மானத்துக்கும் தெருவுக்கும் நடுவே இத்தனை வருசம் ஏன் ஆயிற்று என்று கேட்காமல் சிவராஜுக்கு மாலை போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இருந்தாலும், பட்டம் வாங்கின ராவ் பகதூர்களில் எத்தனை பேர் அம்பேத்கர் பக்கம் கடைசிவரை நின்றார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆளுங்கட்சிக்குப் போயிருந்தால் மந்திரி ஆகியிருப்பார். போகவில்லை.

மீனாம்பாளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. சிவராஜின் மனைவி என்று அறிமுகப்படுத்துவதே தப்பு. 1904இல் ரங்கூனில் பிறந்தவர். 1928இல் காங்கிரஸ் சைமன் குழுவைப் புறக்கணித்தபோது, எங்கள் குறையைக் கேட்க வருகிறவனிடம் நாங்கள் பேசுவோம் என்று மேடையேறினவர். 1938இல் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் கொடுத்த பெண்கள் மாநாட்டில் முன்நின்றவர்களில் ஒருவர். 1945 மே மாதம் பம்பாயில் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். 1992 வரை இருந்தார். அம்பேத்கர் நூற்றாண்டைக் கொண்டாடி நாமெல்லாம் பத்திரிகை தொடங்கிக்கொண்டிருந்த அந்த நாளில், சென்னையிலேயே உயிரோடு இருந்த அந்த அம்மாவை எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நான் போகவில்லை. இப்போது எழுதுகிறேன்.

செப்டம்பர் 29க்கு இந்த மலைப்பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஏற்காட்டிலிருந்து கிழக்கே மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி. இங்கே இருக்கிற அதே மலையாளி சனம். 1992 சூன் 20இல் சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்தன. ஊரை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். பதினெட்டுப் பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ச் சீரழித்தார்கள். வீடுகளை இடித்து, கிணற்றைக் கெடுத்து, ஆடு மாடு வரை விட்டு வைக்கவில்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசாங்கம் சொன்னது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் தோழர்களும் விடாமல் பிடித்ததால் வழக்கு அய்க்கோர்ட்டுக்குப் போய், 1995இல் சி.பி.அய். கைக்கு வந்தது. 269 பேர் மேல் குற்றச்சாட்டு. தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்த நாள் 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். பன்னிரண்டு வருசம் கழித்து மேல்முறையீட்டை அய்க்கோர்ட்டு தள்ளுபடி செய்த நாளும் 2023 செப்டம்பர் 29. தீர்ப்புக்கு முன்னால் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூல் பண்ணு என்றார்.

நாள் ஒத்துப்போனது தற்செயல்தான். நான் சோசியம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வழக்கில் பள்ளிக்கூடம் போகாத பெண்கள் கூண்டில் ஏறி, இவன்தான், இவன்தான் என்று ஆளைக் காட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் காசு வாங்காமல் வருசக்கணக்காக நின்ற வக்கீல்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் நம் சாதி அல்ல. இதையும் ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டும். 'நம்ம வக்கீல்' என்று நான் சொல்வது வெறும் சாதிச் சான்றிதழை வைத்து அல்ல. நம்மில் பிறந்து, படித்து, கோட்டு மாட்டினதும் பழைய தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நம்மில் பிறந்து நமக்கு நிற்கிற வக்கீலுக்கு வாசப்படி என்ன என்று தெரியும். அதற்கு மாற்று கிடையாது.

மேலே போனாலும் வாசப்படி விடுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து அ. வரதராசன் 1980இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார், அங்கே உட்கார்ந்த முதல் தலித் நீதிபதி. சுதந்திரம் வந்து முப்பத்து மூணு வருசம் கழித்து! 2025 மே மாதம் தலைமை நீதிபதியான பி.ஆர். கவாயின் தகப்பனார் ஆர்.எஸ். கவாய் குடியரசுக் கட்சியின் தலைவர்களில் ஒருவர், சிவராஜ் முதல் தலைவராக இருந்த அந்த இயக்கத்தின் வாரிசு. அந்த மகன் நாட்டின் மிக உயர்ந்த நீதி நாற்காலியில் இருந்தபோது, 2025 அக்டோபர் 6இல், கோர்ட்டுக்குள்ளேயே ஒரு வக்கீல் செருப்பைக் கழற்றி வீசப் பார்த்தார். சனாதனத்தின் பேரால். செய்தியைக் கேட்டதும் லயனில் ஒருத்தர், "அங்கியுமா?" என்றார்.

இப்போது அந்தத் தாள்.

ஆத்தா நீட்டின தாளை எங்களோடு வந்திருந்த ஒரு பெண் வாங்கினாள். இந்த மலையில் பிறந்தவள். அம்மா இன்னமும் பழம் பறிக்கிறது. அவள் சேலத்தில் சட்டம் படிக்கிறாள், கடைசி வருசம். தார்ப்பாய்க்கடியில் டார்ச் வெளிச்சத்தில் இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் வாசித்தாள். பதினஞ்சு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை. ஆத்தாவுடைய மகன் வேலையை விட்டு நின்றுவிட்டதால் லயனில் இருக்க உரிமை இல்லை. கடுதாசியின் கடைசியில் மேனேஜர் கையெழுத்து.

"இது கோர்ட்டு ஆர்டர் இல்லீங்க பாட்டி. இவங்களா எழுதுன லெட்டர். இத வெச்சு உங்கள வெளிய போடமுடியாது. அவங்க கோர்ட்டுக்குப் போவட்டும். நாமளும் போலாம்."

ஆத்தா நம்பவில்லை. "ஆபீசு சீலு இருக்குதே கண்ணு?"

"சீல் கடையில பண்ணலாம் பாட்டி."

களத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பத்தேழில் எங்களுக்கு வந்ததும் இதே மாதிரித் தாள்தான் என்பது அந்த நிமிசம்தான் எனக்கு உறைத்தது. அது கோர்ட்டு உத்தரவு என்று நினைத்துத்தான் எங்கம்மா சாமானைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடு என்று சொன்ன 1951ஆம் வருசச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டது. பழைய சட்டத்தையே இங்கே யாரும் நமக்குப் படித்துக் காட்டவில்லை. புதுசை யார் காட்டப்போகிறார்கள்? அந்தப் பெண்தான் காட்ட வேண்டும். அவளைப் போல இன்னும் பத்துப் பேர். படித்து முடித்ததும் அவள் எங்கே போவாள் என்பதுதான் என் கவலை. வக்கீலாகப் பதிவு செய்ய முன்பெல்லாம் பல மாநிலங்களில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று பிடுங்கினார்கள். 2024 சூலை 30இல் உச்சநீதிமன்றம், சட்டத்தில் இருக்கிறபடி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா வாங்கக்கூடாது என்றது. நல்லது. அதற்குப் பிறகு? சீனியரிடம் நாலு வருசம் சும்மா கட்டுத் தூக்க வேண்டும். சூனியர்களுக்கு மாசம் பதினையாயிரம், பெரிய நகரங்களில் இருபதாயிரம் கொடுக்க வேண்டும் என்று சென்னை அய்க்கோர்ட்டு 2024 சூனில் சொன்னது. கொடுக்கிற சீனியர்கள் எத்தனை பேர் என்று சேலம் கோர்ட்டு டீக்கடையில் கேட்டால் சிரிப்பார்கள். அப்பன் வக்கீலாக இருந்தவன் நாலு வருசம் தாங்குவான். காப்பிப் பழம் பறிக்கிறவள் மகள் ஆறு மாசத்தில் பனியன் கம்பெனிக் கணக்கெழுதத் திருப்பூர் போய்விடுவாள். அப்படிப் போன ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ரெண்டு பேருமே நல்ல மூளை.

கூட்டத்தில் பேசி ஒரு முடிவெடுத்தோம். இந்தப் பெண் பதிவு செய்த நாளிலிருந்து மூணு வருசத்துக்கு மாசாமாசம் ஒரு தொகை. அவள் சேலத்தில் அறை எடுத்துத் தங்கி, சாப்பிட்டு, கோர்ட்டுக்குப் போய்வர ஆகிற செலவு. பதிலுக்கு அவள் மாசத்தில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை மலையேறி வந்து, பிளாஸ்டிக் பையில் இருக்கிற தாள்களையெல்லாம் வாசித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். லயனில் பதினோரு வீடு மாசம் அம்பது ரூபாய் என்று ஒத்துக்கொண்டது. ஆத்தா நூறு என்றார், வேண்டாம் என்று சொன்னதற்குக் கோபப்பட்டார். மிச்சத்துக்கு வாசகர்களாகிய உங்களிடம்தான் வருகிறேன். இந்தப் பத்திரிகைக்குச் சந்தா பாக்கி வைத்திருக்கிற தோழர்கள் அந்தப் பாக்கியை இதற்கு அனுப்பினால் போதும். பத்திரிகை எப்படியாவது கடனில் ஓடும், பழக்கம்தான்.

ஆத்தாவின் விசயத்தில் தோட்டத்துக்குப் பதில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. அடியில் ஆத்தா கைநாட்டு வைத்தார். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பத்திரமாக வைத்திருக்கிறோம். படத்தை என்ன செய்வது என்று கேட்டபோது ஆத்தா தன் வீட்டில் மாட்டிக்கொள்வதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். அது என் வீட்டில் இருந்த ஒரே படம். வேறு ஒன்று எடுக்க வேண்டும்.